லிக்விட் ஸ்டார்ட்டர்: காலையில் ஒழுங்காக எடுக்கிறது, மதியம் ஏசிபி (மெயின் பிரேக்கர்) விழுகிறது. 250 கிலோவாட் ஸ்லிப் ரிங் மோட்டார், ராணிப்பேட்டை

பால்மில்_ராணிப்பேட்டை | மே 14, காலை 9.40

சிப்காட்டில் குவார்ட்ஸ் அரைக்கும் பால் மில், குண்டுகள் உள்ளே உருண்டு பொடியாக்கும் உருளை. உலர் அரைப்பு, தண்ணீர் கலப்பதில்லை. மோட்டார் தகட்டில் உள்ளது: 250 கிலோவாட், 415 வோல்ட், 435 ஆம்ப்ஸ், 985 ஆர்பிஎம், ரோட்டர் 420 வோல்ட், 365 ஆம்ப்ஸ். ஜனவரியில் புது லிக்விட் ரெசிஸ்டன்ஸ் ஸ்டார்ட்டர் வைத்தார்கள். ஸ்டார்ட் ஆகும்போது ரோட்டர் கரன்ட் சோடா ஆஷ் கரைத்த தண்ணீர் வழியாகப் போகும். தனித்தனியாக மூன்று தொட்டி, ஒவ்வொன்றும் 200 லிட்டர். மேல் எலக்ட்ரோடு கியர் மோட்டாரில் கீழே இறங்கும், இறங்கி முடிய 25 செகண்ட், அதன் பிறகு ஷார்ட்டிங் கான்டாக்டர் அடித்து, தொட்டியை விலக்கி ரோட்டரை நேராக ஷார்ட் செய்யும். சுற்றோட்ட பம்ப் கிடையாது.

ஏப்ரல் கடைசியிலிருந்து பிரச்சினை. காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தால் ஒரு உதறலோடு எடுத்துக்கொள்கிறது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டார்ட் கொடுத்தால் ஸ்டேட்டர் அம்மீட்டர் ஊசி கடைசியில் போய் முட்டி, ஒரு செகண்டுக்குள் ஏசிபி விழுந்துவிடுகிறது. ஏசிபியில் ஷார்ட் டைம் செட்டிங் 1125 ஆம்ப்ஸ், 0.4 செகண்ட். எடுத்துக்கொள்ளும் நேரங்களிலும் பாதி வேகத்தில் கொஞ்சம் தயங்கி உறுமுகிறது, பிறகுதான் ஏறுகிறது. பினியனில் (மில்லை ஓட்டும் சின்னப் பல்சக்கரம்) தட்டும் சத்தமும் கேட்கிறது.

தொட்டியில் வாரத்துக்கு முப்பது லிட்டர் போலக் குறைகிறது. போர்த் தண்ணீர் விட்டு, கூடவே ஒரு கிலோ சோடாவும் போட்டு வருகிறோம். மதியம் தொட்டி வெப்பமானியில் 44 டிகிரி காட்டுகிறது. ஸ்டார்ட்டர் கொடுத்தவர்கள் ஏசிபி செட்டிங்கை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றலாமா? இல்லை, தொட்டியில்தான் கோளாறா?

வாலாஜா_வைண்டர் | மே 14, காலை 11.05

ஏசிபி செட்டிங்கைத் தொடாதீர்கள் சார். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஏற்றிவிட்டால் அடுத்த மாதம் பினியன் பல்லோ கப்ளிங்கோ பேசும்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: "கூடவே ஒரு கிலோ சோடாவும் போட்டு வருகிறோம்." தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். சோடா போகாது, அங்கேயேதான் இருக்கும். கசிவோ சிதறலோ இல்லாதவரை, குறைந்த மட்டத்தை வெறும் தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். ஜனவரியிலிருந்து வாரம் ஒரு கிலோ என்றால் இன்றைக்குப் பதினெட்டு கிலோ பக்கம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. கரைசல் கெட்டியாக ஆக ரெசிஸ்டன்ஸ் குறையும், ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் ஸ்டார்ட்டிங் கரன்ட் ஏறும்.

இரண்டாவது, போர்த் தண்ணீர். பாலாற்றங்கரையில் தோல் தொழில் நடக்கிற நம் பக்கத்தில் போர்த் தண்ணீரின் உப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 2000 என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 2 கிராம். வாரம் 30 லிட்டர் என்றால் 60 கிராம், வருஷத்துக்கு 3 கிலோ உப்பு. அதில் பெரும்பங்கு குளோரைடு. சாப்பாட்டு உப்பும் கிலோவுக்குக் கிலோ சோடாவைப் போலவே, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே, மின்சாரத்தைக் கடத்தும். அதைவிட மோசம், இரும்பு எலக்ட்ரோடை அது அரிக்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோடாவோடு சேர்ந்து சுண்ணாம்பாக அடியில் படியும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் படிவமும் செம்பழுப்புத் தண்ணீரும் கண்ணில் படும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வெயில். சோடா கரைசலின் கடத்துதிறன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2% ஏறும். கம்பி ரெசிஸ்டன்ஸ் சூடானால் ஓம் ஏறும், இதில் நேர் எதிர். ஜனவரி காலையில் சரிபார்த்து வைத்த தொட்டி கத்திரி வெயிலில் அதே தொட்டி அல்ல.

இந்த மூன்றில் எது எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம். கமிஷனிங் ஷீட்டில் ஓம் மதிப்பும் வெப்பநிலையும் எழுதியிருப்பார்கள், தேடி எடுங்கள். பிறகு இப்படி அளக்க வேண்டும்:

ஏசிபியை வெளியே இழுத்து பூட்டுப் போடுங்கள். ரோட்டர் கேபிள் மூன்றையும் ஸ்டார்ட்டர் முனையிலிருந்து கழற்றுங்கள். கழற்றாமல் அளந்தால் ரோட்டர் வைண்டிங் இணையாக வந்து அளவு பொய்யாகும். ஷார்ட்டிங் கான்டாக்டர் திறந்திருக்க வேண்டும். எலக்ட்ரோடு முழுக்க மேலே, அதாவது ஸ்டார்ட் நிலையில் இருக்க வேண்டும். 12 வோல்ட், 500 விஏ கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்து இரண்டு தொட்டி முனைகளுக்கு நடுவே கொடுங்கள். மூன்று தொட்டியும் ஸ்டார் புள்ளியில், அதாவது ஒரே பொது முனையில், சேர்ந்திருப்பதால் இரண்டு தொட்டி தொடராக வரும். முனையிலேயே வோல்ட்டை அளங்கள், கிளாம்ப் மீட்டரில் ஆம்ப்ஸை அளங்கள், வகுங்கள். இப்படி மூன்று ஜோடிக்கும். பக்கத்திலேயே தொட்டி வெப்பநிலையையும் எழுதுங்கள்.

சாதாரண மல்டிமீட்டரின் ஓம் வரம்பில் அளக்கவே கூடாது. அது டிசி கொடுக்கும், எலக்ட்ரோடு மேல் போலரைசேஷன் வந்து காட்டும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

காட்பாடி_ரிலே | மே 14, பகல் 12.30

வைண்டர் சார் சொன்னதோடு ஒன்று. எலக்ட்ரோடு மேலே இருப்பதைக் காட்டும் லிமிட் சுவிட்சின் கான்டாக்ட், ஏசிபி குளோசிங் காயில் சர்க்யூட்டில் தொடராக இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் நடுவழியில் எலக்ட்ரோடு நின்றுவிட்டு, மறுபடி மின்சாரம் வந்ததும் ஸ்டார்ட் அடித்தால், இந்த இன்டர்லாக் இல்லாத ஸ்டார்ட்டரில் கிட்டத்தட்ட நேரடி ஸ்டார்ட்தான். நேரடி ஸ்டார்ட்டில் இந்த மோட்டார் 2600 ஆம்ப்ஸ் பக்கம் இழுக்கும். மதியம் மட்டும் விழுவதால் உங்கள் கோளாறு இதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் வேலை நடக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. லிமிட் சுவிட்சை விரலால் தள்ளிப் பிடித்து, ஏசிபி டெஸ்ட் நிலையில் குளோஸ் ஆகிறதா என்று பார்த்தால் போதும். மேல் லிமிட் விடுபட்டிருக்கும்போது குளோஸ் ஆகவே கூடாது.

தொட்டி திறக்கும்போது கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம். கரைசலின் பி.எச். 11க்கு மேல். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஸ்டார்ட்டின் கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும், அதனால் திறந்த தொட்டி பக்கத்தில் வெல்டிங், பீடி எதுவும் வேண்டாம். மூடியின் காற்றுத் துளையைத் துணி வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

பால்மில்_ராணிப்பேட்டை | மே 15, மாலை 5.20

அளந்தாயிற்று. கமிஷனிங் ஷீட்டும் கிடைத்தது: தொட்டிக்கு 7 கிலோ சோடா ஆஷ், 26 டிகிரியில் ஃபேஸுக்கு 0.47 ஓம்.

இன்று மதியம், 44 டிகிரியில்:
முதல் தொட்டி, நடுத்தொட்டி: 11.6 வோல்ட், 27.2 ஆம்ப்ஸ்
நடுத்தொட்டி, கடைசித் தொட்டி: 11.6 வோல்ட், 27.6 ஆம்ப்ஸ்
கடைசித் தொட்டி, முதல் தொட்டி: 11.6 வோல்ட், 22.4 ஆம்ப்ஸ்

மூடியைத் திறந்தால் சொன்னது போலவே அடி எலக்ட்ரோடு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெள்ளைப் படிவம், தண்ணீர் டீ நிறம். மேல் லிமிட் இன்டர்லாக் சரியாக வேலை செய்கிறது. இந்த மூன்று அளவும் ஒன்றாக இல்லையே, டிரான்ஸ்ஃபார்மரில் தவறா?

வாலாஜா_வைண்டர் | மே 15, இரவு 8.10

டிரான்ஸ்ஃபார்மர் சரியாகத்தான் இருக்கிறது. தொட்டிகள்தான் ஒன்றுபோல இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜோடி ஓம் முறையே 0.426, 0.420, 0.518. மூன்றையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.682. இதிலிருந்து ஒவ்வொரு ஜோடியையும் கழித்தால் மிச்சமுள்ள தொட்டியின் ஓம் வரும். முதல் தொட்டி 0.26, கடைசித் தொட்டி 0.26, நடுத்தொட்டி 0.16.

இப்போது வெயிலின் பங்கைப் பிரிப்போம். 26 டிகிரியில் 0.47 இருந்த கரைசல் 44 டிகிரிக்கு வந்தால் என்ன ஆகும்? 25 டிகிரியை அடிப்படையாக வைத்து டிகிரிக்கு 2% என்று எடுத்தால், 0.47ஐ 1.02ஆல் பெருக்கி 1.38ஆல் வகுக்க வேண்டும். 0.35 வருகிறது. ஆக வெயில் மட்டும் காரணமென்றால் 0.35 ஓம் இருக்க வேண்டும். 0.35இலிருந்து 0.26க்கும் 0.16க்கும் இறக்கியது சோடாவும் போர் உப்பும்.

நடுத்தொட்டி ஏன் இவ்வளவு கீழே? ஏணி அதற்கு நேராக இருக்கிறதா, மூடி திறக்க அது சுலபமா என்று பாருங்கள். வாரம் ஒரு கிலோவில் பெரும்பகுதி அதற்குள்தான் போயிருக்கிறது. பம்ப் இல்லாத தனித்தொட்டி ஸ்டார்ட்டரில் ஒன்றில் போட்டது இன்னொன்றுக்குப் போகாது.

இதுதான் உங்கள் பாதி வேக உறுமலுக்கும் காரணம். ரோட்டரின் மூன்று ஃபேஸும் சமமாக இல்லாவிட்டால் ரோட்டருக்குள் எதிர்த்திசையில் சுழலும் ஒரு புலம் உண்டாகும். அது சரியாகப் பாதி வேகத்தைத் தாண்டும் இடத்தில் டார்க்கில் (சுழற்றும் விசையில்) ஒரு பள்ளத்தைப் போடும். சமமின்மை ரொம்ப அதிகமானால், உதாரணமாக ஒரு ஃபேஸே அறுந்துபோனால், மோட்டார் பாதி வேகத்திலேயே நின்றுகொண்டு மேலே ஏறாது. உங்களுடையது தயங்கி ஏறிவிடுகிறது, அந்த அளவுக்குத் தப்பித்தீர்கள்.

கரன்ட் கணக்கு: ரோட்டர் வோல்ட் 420ஐ 1.732ஆல் வகுத்தால் 242. அதை ஃபேஸ் ஓமால் வகுத்தால் ஸ்டார்ட்டிங் ரோட்டர் ஆம்ப்ஸ். மூன்று தொட்டியின் சராசரி 0.227. மதியம் 1070 ஆம்ப்ஸ் பக்கம், அதாவது தகட்டு அளவைப் போல 2.9 மடங்கு. ஸ்டேட்டரிலும் அதே மடங்கு வைத்தால் 1260, உங்கள் 1125ஐத் தாண்டிவிட்டது. காலை ஆறு மணிக்குத் தொட்டி 32 டிகிரி இருக்குமென்றால் சராசரி 0.275, 2.4 மடங்கு, ஸ்டேட்டரில் 1050. நூலிழையில் தப்புகிறது. மோட்டாரின் கசிவு ரியாக்டன்ஸைச் சேர்த்தால் இந்த எண்கள் கொஞ்சம் இறங்கும், ஆனால் காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே நிற்கும்.

எவ்வளவு வேண்டும்? 242ஐ 365ஆல் வகுத்தால் 0.66 ஓம். அந்த அளவில் நின்ற இடத்தில் நூறு சதவீத டார்க் கிடைக்கும். பால் மில்லுக்கு அது போதாது. உள்ளே இருக்கும் குண்டும் பொடியும் சரிந்து உருள ஆரம்பிக்கும் வரை, முதல் 40, 50 டிகிரித் திருப்பத்தில் 150% கேட்கும். அதனால் கோடை மதியத்தில் 0.40 ஓம் என்று குறி வையுங்கள், 1.65 மடங்கு வரும். மார்கழிக் காலையில் அதே கரைசல் 0.55க்குப் போய் 120% டார்க்தான் தரும். பரவாயில்லை. லிக்விட் ஸ்டார்ட்டரின் அருமையே அங்கேதான்: முதல் இரண்டு மூன்று செகண்ட் மில் நகராமல் நிற்கும், எலக்ட்ரோடு இறங்க இறங்க டார்க் படியில்லாமல் ஏறி, தேவையான இடம் வந்ததும் மெதுவாகப் புறப்படும். ஓம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது தப்பில்லை, குறைவாக இருப்பதுதான் தப்பு.

இருக்கிற கரைசலில் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். குளோரைடு ஏறிய தண்ணீர், எலக்ட்ரோடைத் தின்றுகொண்டே இருக்கும். மூன்றையும் காலி செய்யுங்கள். சாக்கடையில் விடாமல் உங்கள் ஈடிபிக்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) அனுப்பி நடுநிலைப்படுத்துங்கள். படிவத்தை ஸ்க்ரேப்பரும் கம்பி பிரஷும் வைத்துச் சுரண்டுங்கள், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம், அந்தக் குளோரைடு மறுபடி உள்ளே தங்கும். சுரண்டிய பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். எலக்ட்ரோடு தகட்டில் குழி விழுந்து கனம் பாதிக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால்தான் இடைவெளி சமமாக வரும்.

தண்ணீர்: டிஎம் வாட்டர் (தாது உப்பு நீக்கிய தண்ணீர்) இருந்தால் அதுதான். 600 லிட்டருக்குப் பேட்டரி தண்ணீர் கேன் வாங்கினால் செலவு அதிகம், ஆர்ஓ தண்ணீர் 50 டிடிஎஸ்ஸுக்குள் வந்தால் தாராளமாக விடலாம். மொட்டை மாடியில் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையில் பிடித்த தண்ணீரும் நல்லதே.

சோடா: சோடா ஆஷ் என்று கேட்டு வாங்குங்கள், வெள்ளைத் தூள். சலவைச் சோடா என்று படிகமாக விற்பதும் அதே பொருள்தான், ஆனால் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். 1 கிலோ தூளுக்கு 2.7 கிலோ படிகம் போட வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டால் அளவே நிற்காது. இன்னொரு எச்சரிக்கை, நம் ஊருக்கே உரியது: தோல் பதனிடும் கெமிக்கல் கடைகளில் சோடா என்றாலே பைகார்பனேட்டை எடுத்துக் கொடுப்பார்கள், குரோம் தோலுக்கு அதைத்தான் அதிகம் வாங்குகிறார்கள். அது ஆப்பச் சோடா. தொட்டி சூடாகும்போது நுரைத்துக் கார்பன் டை ஆக்ஸைடை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாக மாறும், ஓம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

கலப்பது: தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர். தனி பிளாஸ்டிக் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் 4 கிலோ தூளைக் கரைத்து ஊற்றுங்கள். தூளை நேராகத் தொட்டியில் கொட்டினால் அடியில் கல்லாக உறைந்துகொண்டு, கரையாமல் கிடந்து, ஒரு மாதம் கழித்துக் கரைந்து ஏமாற்றும். மூன்று தொட்டிக்கும் எடைபோட்டு ஒரே அளவு. 190 லிட்டர் வரை நிரப்பி மரத்துடுப்பால் பத்து நிமிஷம் கலக்கி, கால் மணி நேரம் விட்டு அளங்கள். பிறகு அரை அரை கிலோவாக ஏற்றுங்கள். அளக்கும் நேரத்தில் தொட்டி 33 டிகிரி இருந்தால், 44இல் 0.40 வர 33இல் 0.48 வேண்டும். போட்டதை எடுக்க முடியாது, அதனால் கீழிருந்து மேலே போவதே வழி.

சோளிங்கர்_கிரஷர் | மே 16, காலை 7.15

இத்தனை பாடு எதற்கு? கிரிட் ரெசிஸ்டன்ஸ் (உலோக ரெசிஸ்டன்ஸைப் படிப்படியாக வெட்டும்) ஸ்டார்ட்டர் வைத்தால் தண்ணீரும் இல்லை சோடாவும் இல்லை. இல்லையென்றால் ஸ்லிப் ரிங்கை ஷார்ட் செய்துவிட்டு விஎஃப்டி (அலைவெண்ணை மாற்றி வேகத்தை ஏற்றும் டிரைவ்) போட்டுவிடலாம். சாஃப்ட் ஸ்டார்ட்டர்கூட இப்போது மலிவாக வருகிறது.

காட்பாடி_ரிலே | மே 16, காலை 9.00

மூன்றும் ஒன்றல்ல, தம்பி. சாஃப்ட் ஸ்டார்ட்டரை முதலில் ஒதுக்கிவிடலாம். ரோட்டரை ஷார்ட் செய்துவிட்டு ஸ்டேட்டர் வோல்ட்டைக் குறைத்தால் டார்க் வோல்ட்டின் வர்க்கத்தில் விழும். பாதி வோல்ட்டில் கால் பங்கு டார்க். ஏற்கெனவே ஷார்ட் செய்த ஸ்லிப் ரிங் ரோட்டருக்கு நின்ற இடத்து டார்க் குறைவு, அதிலும் கால் பங்கென்றால் குண்டு நிரம்பிய மில் அசையாது. வெறும் ஃபேனுக்கு அது சரி.

கிரிட் ரெசிஸ்டன்ஸ் உழைக்கும் சாமான், கிரஷருக்கு நான் அதையே சொல்வேன். தூசி, நேரம் காலமில்லாமல் ஸ்டார்ட், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்கிற இடத்துக்கு அதுதான். ஆனால் ஐந்தாறு படியில் வெட்டும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு டார்க் உதைப்பு இருக்கும். வி பெல்ட்டில் ஓடும் ஜா கிரஷர் அதைத் தாங்கிக்கொள்ளும். பினியன், கிர்த் கியர் (மில்லைச் சுற்றியிருக்கும் பெரிய பல்சக்கரம்) உள்ள மில்லுக்கு அந்த உதைப்பு பல்லில்தான் விழும்.

விஎஃப்டி தொழில்நுட்பப்படி நல்லது, மறுக்கவில்லை. 150% ஓவர்லோடு ஒரு நிமிஷம் தாங்கும் வகை வேண்டும், பிரஷ்ஷைத் தூக்கிவிட்டு ரிங்கை நிரந்தரமாகச் செம்புப் பட்டையால் ஷார்ட் செய்ய வேண்டும், பழைய வைண்டிங்குக்கு அவுட்புட் சோக் வைக்க வேண்டும், ஹார்மானிக்ஸைப் பார்க்க வேண்டும், 45 டிகிரி ஷெட்டில் ஏசி அறை கட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தேவை இருந்தால் இத்தனையும் நியாயம். நாளுக்கு ஒன்றோ இரண்டோ ஸ்டார்ட், பிறகு ஒரே வேகம் என்கிற மில்லுக்கு இருபது கிலோவுக்குள் சோடா ஆஷும் நல்ல தண்ணீரும் செய்யும் வேலையை அதற்கு ஏன் கொடுக்க வேண்டும்?

பால்மில் சாருக்கு: கரைசல் வேலை முடிந்து ஓட்டும்போது ஷார்ட்டிங் கான்டாக்டரையும் கவனியுங்கள். கான்டாக்டர் அடித்த சத்தம் கேட்டதாலேயே ஷார்ட் ஆனதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டாகோமீட்டரில் 985 பக்கம் வர வேண்டும். 940 வந்தால் அது அடிக்கவில்லை, ரோட்டர் கரன்ட் இன்னும் தொட்டி வழியாகத்தான் ஓடுகிறது. மில்லைப் பார்த்தால் எதுவும் தெரியாது, அரைக்கும், சத்தமும் மாறாது. ஆனால் 6% ஸ்லிப் (1000 ஆர்பிஎம்மிலிருந்து பின்தங்கும் அளவு) என்றால், ரோட்டரிலேயே போகும் 1.5% நீங்கலாக, 11 கிலோவாட் தொட்டிக்குள் சூடாக இறங்குகிறது. 600 லிட்டருக்கு மணிக்கு 16 டிகிரி ஏறும், 45இல் ஆரம்பித்தால் மூன்றரை மணி நேரத்தில் கொதிக்கும்.

ஒரு ஒழுங்கான ஸ்டார்ட் தொட்டியை எவ்வளவு சூடாக்கும் தெரியுமா? 20 செகண்ட் ஸ்டார்ட், 150% டார்க், சராசரி ஸ்லிப் பாதி என்று போட்டால் 3750 கிலோஜூல். 600 லிட்டருக்கு ஒன்றரை டிகிரி, அவ்வளவுதான். அடுத்தடுத்து மூன்று ஸ்டார்ட் கொடுத்தாலும் ஐந்து டிகிரி தாண்டாது. ஆகையால் ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டி வெப்பநிலை ஏறிக்கொண்டே போனால் கரைசலைச் சந்தேகிக்காதீர்கள், கான்டாக்டரைத் திறந்து பாருங்கள். டெம்பரேச்சர் சுவிட்சை 70க்கு வைத்து டிரிப்பில் இணைத்திருக்க வேண்டும், பல இடங்களில் அலாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மூன்று கான்டாக்டில் ஒன்று மட்டும் ஒட்டாமல் இருந்தால் ஸ்டேட்டர் அம்மீட்டர் ஊசி சீராக ஆடும். 985 ஆர்பிஎம்மில் ரோட்டர் அலைவெண் 0.75 ஹெர்ட்ஸ், ஊசி அதன் இரட்டிப்பில், இரண்டு செகண்டுக்கு மூன்று முறை ஆடும். இதே காரணத்தால் ஓடும் மோட்டாரின் ரோட்டர் கேபிளில் சாதாரண கிளாம்ப் மீட்டர் வைத்து அளக்காதீர்கள். ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் காயிலுக்கு எதுவும் புரியாது. டிசியும் அளக்கும் ஹால் வகை கிளாம்ப் வேண்டும்.

பால்மில்_ராணிப்பேட்டை | மே 19, இரவு 9.30

ஞாயிறன்று மில்லை நிறுத்தி வேலை முடித்தோம். பக்கத்து யூனிட்டின் ஆர்ஓ தண்ணீர், டிடிஎஸ் 38. நடுத்தொட்டி அடியில் கரையாத சோடா கட்டியாக ஒரு கை கனத்துக்கு இருந்தது. ஏணியும் அதற்கு நேராகத்தான் இருக்கிறது. அடி எலக்ட்ரோடில் புள்ளி புள்ளியாக அரிப்பு, கனம் பெரிதாகக் குறையவில்லை, அப்படியே வைத்துவிட்டோம்.

33 டிகிரியில் அளவுகள்: தொட்டிக்கு 4 கிலோவில் ஜோடிக்கு 11.8 வோல்ட், 9.5 ஆம்ப்ஸ், அதாவது ஃபேஸுக்கு 0.62. ஐந்து கிலோவில் 0.53. ஐந்தரைக் கிலோவில் 12.1 ஆம்ப்ஸ், 0.49. அங்கே நிறுத்திவிட்டோம். மூன்று ஜோடிக்கும் வித்தியாசம் 0.2 ஆம்ப்ஸுக்குள்.

இன்று மதியம் இரண்டு மணி, தொட்டி 44. ஸ்டார்ட் கொடுத்து ஒரு செகண்டில் மில் நகர்ந்தது, ஊசி 700ஐத் தொட்டு இறங்கியது, உறுமல் இல்லை, தட்டல் இல்லை. கான்டாக்டர் அடித்த பின் 986 ஆர்பிஎம். மூன்று மணி நேரம் ஓடியும் தொட்டி 46க்கு மேல் போகவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். எலக்ட்ரோடு இறங்கி முடியும் முன்பே, சுமார் 18 செகண்டில் மில் முழு வேகம் எடுத்துவிடுகிறது போலிருக்கிறது. டிராவல் நேரத்தை 25இலிருந்து 18க்குக் குறைக்கலாமா?

வாலாஜா_வைண்டர் | மே 20, காலை 6.50

குறைக்க வேண்டாம். மே மாத மதியத்தில் 18 என்றால் டிசம்பர் காலையில் 22, 23 ஆகும், முதல் சில செகண்ட் நின்றுதானே புறப்படும். வேகம் எடுத்து முடியும் முன் கான்டாக்டர் அடித்தால் அந்த இடத்தில் ஒரு கரன்ட் உதைப்பு வரும், இவ்வளவு பாடுபட்டு எடுத்த உதைப்பு பின்வாசல் வழியாக வந்துவிடும். 25 அப்படியே இருக்கட்டும். கீழ் லிமிட் பட்ட பிறகு கான்டாக்டருக்கு ஒன்றரை செகண்ட் டைமர் தாமதம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மேல் லெவல் கோட்டைத் தொட்டி வெளியே பெயின்ட்டில் வரையுங்கள். அது இப்போது நீங்கள் நிரப்பிய 190 லிட்டர் மட்டம், வேறு எந்தக் கோடும் வேண்டாம். வாரா வாரம் அந்தக் கோடு வரை ஆர்ஓ தண்ணீர் மட்டும், ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாக. சோடா மூட்டையை ஸ்டார்ட்டர் அறையிலிருந்தே எடுத்து ஸ்டோரில் பூட்டிவிடுங்கள். மூடிக்கு ரப்பர் கேஸ்கெட் போட்டால் முப்பது லிட்டர் இழப்பே நன்றாகக் குறையும், காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்டார்ட்டர் தகர ஷெட்டில் மேற்கு வெயில் படும் இடத்தில் இருந்தால் ஒரு கீற்றுத் தட்டி கட்டினாலும் தொட்டி நாலைந்து டிகிரி இறங்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒன்று மே மாதம், ஒன்று டிசம்பர், அந்த 12 வோல்ட் அளவை எடுத்து வெப்பநிலையோடு நோட்டில் எழுதுங்கள். 25 டிகிரிக்கு மாற்றிப் பார்த்தால் உங்கள் இன்றைய கரைசல் 0.57 ஓம். அதிலிருந்து பத்து சதவீதம் விலகினால்தான் கரைசலைத் தொட வேண்டும். ஒரு தொட்டி மட்டும் ஏறினால் எலக்ட்ரோடில் படிவம், மூன்றும் சேர்ந்து இறங்கினால் யாரோ போர்த் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

ரோட்டர் கேபிளைத் திரும்பப் பூட்டியபோது லக் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் இறுக்கினீர்களா? 365 ஆம்ப்ஸ் போகும் இடம், ஒருமுறை ஓடிச் சூடான பிறகு நிறுத்திப் பூட்டுப் போட்டு மறுபடி இறுக்கிவிடுங்கள்.

பால்மில்_ராணிப்பேட்டை | மே 20, காலை 8.15

டைமர் இரண்டு செகண்டில் இருக்கிறது. லக் மறு இறுக்கம் இன்று ஷிஃப்ட் மாறும்போது. மூட்டை ஸ்டோருக்குப் போய்விட்டது.

நன்றி சார்.